கிழங்கு வெந்த தண்ணீர்

வா அம்மிணி, இப்படி அடுப்போரமா உக்காரு. பையை அக்கட்ட வெய்யி, மொதல்ல தலையைத் தொவட்டு. நர்ஸுக்கே காய்ச்சல் வந்தா அப்புறம் உனக்கு நான் நர்ஸ் வேலை பாக்கோணும். எனக்கு அது வராது. எனக்குத் தெரிஞ்சது ஆக்கிப் போடறது மட்டும்தான்.

என் பேரு மாராத்தா. ஷீபா பாப்பா போன்ல சொல்லியிருக்குமே? சமையக்காரம்மா சித்தெ வாய்க்காரி, கண்டுக்காதீங்கன்னு சொல்லிச்சா? சிரிக்காத, நீ சிரிக்கறதுலயே தெரியுது. பாப்பா அப்படித்தான் சொல்லும். தொரை பொண்ணுன்னாலும் அதைச் சின்னதுல இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுச் சோறு ஊட்டினவ நானு. இப்ப அது கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு, போன்லயே எனக்குச் சமையல் சொல்லித் தருது.

தொரையை இப்பவே போயிப் பாக்கோணுமா? இரு, இரு. நல்லாக் கண் அசந்து கெடக்காரு. எட்வின் தொரைன்னா இந்த மலையில எல்லாருக்கும் தெரியும். எஸ்டேட் மேனேஜரா இருந்தவரு. மத்த மேனேஜருங்கல்லாம் ரிட்டயர் ஆனதும் ஊரைப் பாக்கப் போயிட்டாங்க, இவரு மட்டும் இந்தக் காப்பித் தோட்டத்துக்குள்ள வீட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு. எஸ்தரம்மா இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. அம்மா போனாங்க, அடுத்த வருஷமே ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுன்னுட்டாங்க. பொண்டாட்டி போன வெசனத்துல மனுஷனுக்கு எதுதான் சுருங்காது?

நீ வந்த பஸ்ஸு இன்னிக்குத் திரும்பிப் போகாது, தெரியுமா? காலையில உன் பஸ்ஸு ஏறின பின்னாலயே ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு, நீ மழைக்கு ஒதுங்கி ஒதுங்கி இப்பத்தான் வந்து சேந்திருக்கே. காலையிலயே பால்காரரு சொல்லிட்டுப் போனாரு, மரமும் பாறையும் சேந்து உருண்டு கெடக்குதாம். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு வண்டியும் எறங்காதாம். நாளைக்குத் தொரையைப் பொள்ளாச்சிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற நாளு. இனி எங்க போறது.

ஏன் அம்மிணி மூஞ்சி அப்படிப் போகுது? நல்லதாப் போச்சுன்னு நான் மாரியாத்தா படத்துக்கு முன்னால சூடம் பத்த வெச்சுட்டு வந்து உக்காந்திருக்கேன். நாப்பது வளைவு எறங்கோணும். அங்க போனா ஊசியைக் குத்தி, உடம்புல இருக்கற ரத்தத்தையெல்லாம் வெளிய இழுத்து, மிஷினுக்குள்ள விட்டுச் சுத்தி, திரும்ப உள்ள விடுவாங்க. அப்புறம் மறுபடியும் நாப்பது வளைவு ஏறோணும். வீட்டுக்கு வர்றப்போ பிழிஞ்சு போட்ட துணியாட்ட இருப்பாரு. காரை விட்டு எறங்கறப்போ என் தோளைத்தான் புடிப்பாரு. வேற யாரு புடிச்சாலும் உதறி விட்டுருவாரு.

கடைசியா எப்பப் போனாரா? போன வாரம். வாரம் ரெண்டு தரம் போகோணும், நடுவுல ஒண்ணை விட்டாச்சு. அவருக்கும் மனசில்ல, நானும் இருக்கட்டுங்க தொரை, மழையா இருக்குதுன்னுட்டேன். பாப்பாகிட்டப் போயிட்டு வந்தாச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ வந்ததும் வராததுமா அதைப் போட்டு உடைச்சிராத. உனக்கும் எனக்கும் ஒரு வீட்டுல பொழப்பு நடக்கோணும்.

உக்காருங்கறேன். டீ கொதிக்குது. குடிச்சுட்டுப் போயிப் பாரு, தொரை எங்கயும் ஓடிப் போயிர மாட்டாரு.

பாப்பா நல்ல பொண்ணுதான், நான் குத்தம் சொல்லலை. ஆனா போன மாசம் வந்தப்போ என்ன சொல்லிச்சு தெரியுமா? அப்பாவுக்கு இனி ஒருதரம் முடியாமப் போச்சுன்னா கையோட கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருவேன், இந்த வீட்டைப் பூட்டிரலாம் மாராத்தாக்கான்னுச்சு. வீட்டைப் பூட்டலாம். என்னை எங்க வெச்சுப் பூட்டுவாங்கன்னு அது சொல்லலை. தொரை சன்னலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பாப்பா வண்டி கெளம்பினதும் என்னைக் கூப்பிட்டு, மாராத்தா, என்னை அங்க அனுப்பிராதன்னாரு. பெரிய பெரிய தொரைங்கள எல்லாம் நிக்க வெச்சுக் கேள்வி கேட்ட மனுஷன் என்கிட்ட அப்படிக் கேட்டாரு. அன்னிக்குத்தான் நான் முடிவு பண்ணேன்.

என்ன முடிவா? இதுல என்ன பெரிய ரகசியம். அவரை நான் தேத்திக் காட்டோணும். இந்த மழை விடறதுக்குள்ள, மிஷினு கிஷினு ஒண்ணும் இல்லாம, என் சாப்பாட்டுலயே அவரு எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்துட்டாருன்னு வெய்யி. அப்புறம் எந்த வாயால பாப்பா கீழ கூப்பிடும்? ரோடு அடைச்சது எனக்காகத்தான் அம்மிணி. ஆத்தா கண்ணைத் தொறந்து பாத்துட்டா.

வாசனை வருதா? இந்தப் பொட்டிக்குள்ள இருக்குது. இந்த மாதிரி அடுப்பு நீ பாத்திருக்க மாட்டே. இக்கட்ட வெறகு எரியும், பக்கத்துல இந்த இரும்புப் பொட்டி சூடேறும். பேக் பண்றதுன்னா இதுதான். எஸ்தரம்மா இதைக் கேசரோலும்பாங்க. எனக்கு அது வாயில நுழையலை, நான் அடுக்குக்கறின்னு பேரு வெச்சேன். அப்புறம் தொரையே அடுக்குக்கறின்னுதான் கேப்பாரு.

எப்படிப் பண்றதுன்னு கேளேன்? கேக்காட்டியும் சொல்லுவேன். ஆட்டுத் தொடைக்கறி, எலும்போட, பெருசு பெருசா. மொதல்ல நெய்யில செவக்க வறுத்துக்கோணும். வெங்காயம், நுணுக்கின மிளகு, ரெண்டு கிராம்பு, அவ்வளவுதான், மசாலால்லாம் அள்ளிக் கொட்டக் கூடாது. அப்புறம் இந்த மண்சட்டியில அடியில உருளைக்கெழங்கு ஒரு அடுக்கு. அதுக்கு மேல கேரட்டு, பீட்ரூட்டு. அப்புறம் கறி. கறிக்கு மேல சேனை. கடைசியா மறுபடியும் உருளைக்கெழங்கை வட்டம் வட்டமா அரிஞ்சு, ஓடு வேயற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. மூடியைப் போட்டு, சுத்தியும் மாவைப் பெசஞ்சு அடைச்சுட்டா ஆவி வெளிய போகாது. ரெண்டு மூணு மணி நேரம் கெடக்கட்டும். தொறக்கறப்போ மேல இருக்கற கெழங்கு மொறுமொறுன்னு இருக்கும், அடியில இருக்கறது கறிச்சாறெல்லாம் குடிச்சு அல்வாவாட்ட ஆகிக் கெடக்கும். தொரை அடியிலதான் மொதல்ல கரண்டியை விடுவாரு. சின்னப் பையனாட்டம்.

கெழங்கு குடுக்கக் கூடாதா? தெரியும் அம்மிணி, நீயும் ஆரம்பிக்காத. பாப்பா சொல்லியிருக்குது. கெழங்கைச் சின்னதா நறுக்கி, ஊற வெச்சு, நெறையத் தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியை வடிச்சுட்டுத்தான் குடுக்கோணும், அதுவும் துளிதான் குடுக்கோணும்னு. நான் என்ன சொன்னதைத் தட்டறவளா? ஊற வெக்கறேன். வேக வெக்கறேன். வடிக்கவும் வடிக்கறேன். மாரியாத்தா மேல ஆணையா, ஒரு நாளு கூட வடிக்காம இருந்ததில்ல.

வடிச்சதை என்ன பண்றேனா? கேட்டியே ஒரு கேள்வி. சத்து பூராவும் அதுலதான அம்மிணி எறங்கியிருக்குது! அதைக் கீழ ஊத்த எனக்கு என்ன கிறுக்கா? காலையில வடிச்சதையும் சாயங்காலம் வடிச்சதையும் தூக்குப் போசியில சேத்து வெப்பேன். அவருக்குத் தண்ணி எச்சாக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே, அதையும் நான் மறக்கலை. அதனால அப்படியே குடுக்க மாட்டேன். அடுப்புல வெச்சுச் சுண்டச் சுண்டக் காய்ச்சுவேன். ஒரு பானைத் தண்ணி ஒரு டம்ளரா வத்திரும், தேனாட்டம் கெட்டியா. அதைத்தான் அடுக்குக்கறி மேல ஊத்தி மூடறது. அந்த ருசியே அதுலதான் வருது. பாத்தியா, தண்ணியும் குடுக்கலை, சத்தும் வீணாகலை. இந்த ரோசனை படிச்சவங்க ஒருத்தருக்காச்சும் வந்துச்சா?

டீயை ஏன் கீழ வெச்சுட்டே? சக்கரை பத்தலையா?

உனக்கு முன்னால இருந்தவளும் இப்படித்தான். ஜின்சின்னு பேரு, பாலக்காட்டுப் பொண்ணு. நல்லாத்தான் இருந்தா. ஒரு நாளு நான் காய்ச்சிக்கிட்டு இருக்கறதைப் பாத்துட்டு, அய்யோ சேச்சின்னு ஓடி வந்து போசியோட தூக்கிக் கொல்லைல கவுத்துட்டா. எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. என்னடீன்னு கேட்டா, அதுல பொட்டாசியம் இருக்குது, கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு அது வெளிய போயிரும், தொரைக்குப் போகாது, ரத்தத்துல ஏறி நெஞ்சை நிறுத்திரும்ங்கறா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பொட்டாசு நான் பாக்காததா? வயசுக்கு வந்த காலத்துலருந்து தேயிலைக்கு உரம் வெச்சவ நானு. செவப்பா, கல்லு உப்பாட்டம், மூட்டை மூட்டையா வந்து எறங்கும். கைப்புண்ணுல பட்டா எரியும். அதையா நான் தொரை சோத்துல போடறேன்? அதுவும் அதைப் போட்டுத்தான செடி தழைக்குது! பொட்டாசு வெச்சு ஒரு செடி செத்து நான் பாத்ததில்ல. இதைச் சொன்னா அந்தப் புள்ளை தலையில கைய வெச்சுக்கிட்டு அழுதுருச்சு. பாப்பாகிட்டச் சொல்லுவேன்னா. அவ சொல்றதுக்குள்ள நான் தொரைகிட்டச் சொன்னேன். உங்களுக்கு ஆக்கினதைக் கொல்லைல கொட்டறா, நீங்க தூங்கறப்போ போன்ல கொஞ்சிக்கிட்டு இருக்கறான்னேன். ரெண்டாவது சொன்னது நெசமில்ல. மொதல்ல சொன்னது நெசந்தானே? தொரை கத்தின கத்துல அன்னிக்கே பொட்டியைத் தூக்கிட்டா.

போறப்போ என்னைப் பாத்து, சேச்சி, இதை நிறுத்துங்க, கும்பிட்டுக் கேக்கறேன்னா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரு. ஆக்கிப் போடறவளைப் பாத்து ஆக்காதங்கறா.

அவ போன பொறவுதான் தொரை நல்லாச் சாப்பிடறாரு. ஞாயித்துக்கெழமையானா அடுக்குக்கறி. என்ன ஒண்ணு, ஞாயித்துக்கெழமை சாப்பிட்டா திங்கக்கெழமை சித்தெ சோர்ந்து போயிருவாரு. காலு ரெண்டும் மரத்துக் கெடக்குது மாராத்தாம்பாரு. நாக்கு தடிச்ச மாதிரி பேசுவாரு. வயசாச்சில்ல. அடுத்த நாளு மிஷினுக்குப் போனா டாக்டருங்க காச்சு காச்சுன்னு காச்சுவாங்களாம், என்ன சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு. தொரை வாயையே தொறக்க மாட்டாரு. என்னைக் காட்டிக் குடுக்கவே மாட்டாரு. ஒருதரம் டாக்டரு, இந்த நெலமையில இவரு உசுரோட வந்து சேந்ததே ஆச்சரியம்னாராம். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? வயிறு நெறையப் போட்டு அனுப்பினதாலதான தாங்கிச்சு அந்த உடம்பு. பட்டினியா அனுப்பியிருந்தா?

ஏன் அம்மிணி எந்திரிச்சுட்டே? எதுக்கு அடுப்பை அணைக்கறே? அட, விடு, கறி நடுவுல நின்னு போகும். இதைக் குடுக்கக் கூடாதா? இதை எங்க குடுக்கறேன் நானு? இது உனக்கு! மழையில ஒரு புள்ளை வருதேன்னு உனக்குன்னு வெச்ச ரெண்டாவது சட்டி இது.

தொரை அப்பவே சாப்பிட்டாச்சே. மத்தியானமே. இன்னிக்கு ஞாயித்துக்கெழமை இல்லதான். நாளைக்கு ஊசி இல்ல, தொரைன்னு நான் சொன்னதும் அந்த மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு பாரு, அதைப் பாத்துட்டு எப்படி வெறும் கஞ்சியைக் குடுக்கறது? மூணு நாளாச் சேத்து வெச்ச தண்ணி இருந்துச்சு. அத்தனையும் காய்ச்சி ஊத்தினேன். ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சட்டியில ஒட்டிக்கிட்டு இருந்ததைக் கூட வழிச்சுக் குடுன்னாரு. எஸ்தரம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருக்குதுன்னாரு. அப்படி ஒரு வார்த்தை இத்தனை வருஷத்துல சொன்னதேயில்ல. நான் இங்க வந்து முந்தானையில மூஞ்சியைப் பொத்திக்கிட்டு அழுதேன் அம்மிணி, உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன.

அப்புறந்தான் நெஞ்சு படபடங்குதுன்னாரு. சந்தோசத்துல வர்றது. கையைத் தூக்க முடியலைன்னாரு, நானே புடிச்சுப் படுக்க வெச்சேன். சித்தெ நேரம் இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாரு. அப்புறம் அடங்கிருச்சு. அதுல இருந்து ஒரு பொரளல் கூட இல்ல. இத்தனை மாசத்துல இப்படி ஒரு தூக்கம் தூங்கி நான் பாக்கலை.

ஏய், ஓடாத! தரையெல்லாம் ஈரம். கதவை மெல்லத் தொற, முழிச்சுக்குவாரு! சொன்னாக் கேக்கறியா நீ...

தொரை, ஒண்ணுமில்லைங்க, புது நர்ஸுப் புள்ளைங்க. நீங்க படுங்க.

லைட்டை எதுக்கு அவரு கண்ணுல அடிக்கறே? கை சில்லுனு இருக்குதா? இருக்கத்தான் செய்யும், மலை மேல மழைக்காலம். கம்பளி அந்த அலமாரியில இருக்குது, எடுத்துப் போத்திவிடு. ஏன் கம்பளியைத் தள்ளறே? ஏன் அவரு மேல ஏறறே? அய்யோ, என்ன புள்ளை நீ, நெஞ்சைப் போட்டு இப்படி அமுக்கறே! எலும்பு ஒடைஞ்சிரும்! விடு அவரை! தொரை, தொரை, சொல்லுங்க தொரை, இவளைப் போகச் சொல்லுங்க...

சரி, சரி. நான் தொடலை. நான் சுவரோரமா நிக்கறேன். நீ பண்ணு. நீ படிச்சவ, உனக்குத் தெரியும்.

ஏன் நிறுத்திட்டே?

ஏன் அம்மிணி நிறுத்திட்டே? பண்ணு. நான் ஒண்ணும் சொல்லலை இனி. பண்ணு அம்மிணி. என் தங்கமில்ல, இன்னும் சித்தெ நேரம் பண்ணு. உனக்குக் கை வலிச்சாச் சொல்லு, எப்படின்னு காட்டு, நான் பண்றேன். எனக்குக் கையில வலு இருக்குது.

...

மூஞ்சியைப் பாரேன். தூங்கற மாதிரியேதான இருக்குது. வாயோரத்துல சாறு காஞ்சு கெடக்குது, தொடைச்சு விடறேன் இரு. சாப்பிட்டதும் தொடைச்சு விட்டேன், சரியாத் தொடைக்கலையாட்ட இருக்குது.

எங்க போறே? போன் பண்ணவா? வாசப்படிகிட்டப் போ, அங்கதான் டவர் கெடைக்கும். பாப்பாவுக்கா? பேசு, பேசு. நான் பேச மாட்டேன். அதுக்கு எப்படிச் சொல்லோணுமோ நீயே சொல்லு. அழும். மழையில வண்டி எடுத்துக்கிட்டு வந்துராதன்னு சொல்லு, ரோடு இல்லைன்னு சொல்லு.

என்னை ஏன் அம்மிணி அப்படிப் பாக்கறே? நான் என்ன பண்ணுவேன், எல்லாம் அந்த மிஷினு பண்ணின வேலை. ஊசி போட்டுப் போட்டு உள்ள இருந்ததையெல்லாம் உறிஞ்சிட்டாங்க. நான் போட்டதுலதான் இத்தனை நாளு இருந்தாரு. ரிங்கு போகுதா? எடுத்துருச்சா பாப்பா?

சொல்லு. உங்கப்பா பட்டினியாப் போகலைன்னு சொல்லு. அடுக்குக்கறி, ரெண்டு தரம் கேட்டு வாங்கி, வயிறு நெறையச் சாப்பிட்டாரு, மாராத்தா கையாலன்னு சொல்லு. அதை மட்டும் விட்டுறாதே அம்மிணி.